பெயர் மாற்றும் சிறு செயற்கூறுகள்

சிங்கப்பூரின் சாங்கி பிஸினஸ் பார்க்கில், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் ஒன்றில், தரவுத்தளத்தோடு பேசும் பொது நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியைப் பராமரிப்பது என் வேலை. அந்த லைப்ரரியில் இணைப்புகளைக் கையாளும் பகுதி இருக்கிறது, வினவல்களைக் கட்டும் பகுதி இருக்கிறது, பரிவர்த்தனைகளைக் காக்கும் பகுதி இருக்கிறது. ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது, இரண்டு திரை அளவுகூட இல்லாத ஒரு கோப்பைப் பற்றி. நிரலில் உள்ள பெயரைத் தரவுத்தளப் பெயராக மாற்றும், எழுத்துத் தொடர்களைக் கையாளும் சிறு நிரல் துண்டுகளான சரச் செயற்கூறுகள் அதில் இருக்கின்றன.

ஜாவா என்ற நிரல் மொழியில் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக எழுதுவோம். இது கேமல் கேஸ். ஒரு வகைப் பொருளை வரையறுக்கும் நிரல் பகுதிகளான வகுப்புகளுக்கு முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். தரவுத்தளத்திலோ எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. இது ஸ்நேக் கேஸ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது மிக எளிது என்றுதான் புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வேறு எந்தச் செயற்கூறில் பிழை இருந்தாலும் திருத்தி வெளியிட்டுவிடலாம். இதில் உள்ள பிழை வெளியே போனதும் தரவாகிவிடும். செயற்கூறு தந்த பெயரில் அட்டவணை உருவாகும், அந்தப் பெயரை வைத்து வேறொரு குழு அறிக்கை எழுதும், இன்னொரு குழு அதைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும். அதற்குப் பிறகு செயற்கூறை நாம் சரியாக்கினால், சரியான பெயரில் ஓர் அட்டவணையை லைப்ரரி தேடும். அப்படி ஓர் அட்டவணை எங்கும் இருக்காது.

2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் இந்த உண்மையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட, வலை மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு. வகுப்பின் ஒருமைப் பெயரிலிருந்து அட்டவணையின் பன்மைப் பெயரைத் தானே கண்டுபிடிக்கும் விதிகள் அதில் உண்டு. பெர்சன் என்பதைப் பீப்பிள் ஆக்கும், சைல்டு என்பதைச் சில்ட்ரன் ஆக்கும், ஷீப் என்பதை அப்படியே விடும். அந்த விதிகளில் தவறானவையும் உண்டு. ஆனாலும் திருத்தங்களை ஏற்பதில்லை என்று அதன் மையக் குழு ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தவறான பன்மையை நம்பி இயங்கும் பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக்கூடாது என்பதே காரணம். சிலருக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். எனக்கு இது மிகுந்த பொறுப்புணர்வாகவே தெரிகிறது.

பன்மையைப் பற்றி என் முடிவு சுருக்கமானது: செய்யவே கூடாது. இன்னொரு வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் பன்மைக்கு வெறும் எஸ் எழுத்தைச் சேர்த்துவிடும், கேட்டகரி என்ற ஆங்கிலச் சொல்கூட அங்கே பிழையான பன்மையோடு நிற்கும். அட்டவணைப் பெயரை ஒருமையில் வைத்துக்கொண்டால் ஒரு மொழியின் இலக்கணத்தை நிரலுக்குள் சுமக்கும் தேவையே இல்லை.

சொற்களைப் பிரிக்கும் வேலையை அப்படித் தவிர்க்க முடியாது. அதிலும் சிங்கப்பூரில் அது தனிச் சிக்கல். இந்த ஊர் முதலெழுத்துச் சுருக்கங்களால் பேசும் ஊர். எச்டிபி என்ற அரசுக் குடியிருப்பு வீட்டில் இருந்து, பிஐஇ விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போய், சிபிஎஃப் சேமநிதிக்குச் சந்தா கட்டி, ஜிஎஸ்டி வரி செலுத்துகிறோம். நிறுவனங்களுக்கு 2009 முதல் யூஇஎன் என்ற அடையாள எண் இருக்கிறது. இவை எல்லாம் எங்கள் நிரலில் பெயர்களாகவே வருகின்றன.

ஒவ்வொரு பெரிய எழுத்துக்கு முன்னும் அடிக்கோடு இடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் விதி. அதன்படி எச்டிபி மூன்று தனி எழுத்துகளாகச் சிதறிவிடும். சற்று மேம்பட்ட விதி, தொடர்ந்து வரும் பெரிய எழுத்துகளை ஒரே சொல்லாக வைத்துக்கொண்டு, கடைசிப் பெரிய எழுத்தை மட்டும் அடுத்த சொல்லுக்குக் கொடுக்கும். எச்டிபி பிளாக் என்ற பெயர் இப்போது சரியாகப் பிரியும். ரெயில்ஸ் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஜாவாவில் ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பின் வழியாக, ஹைபர்னேட் என்ற தரவுத்தள லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கு நெடுங்காலமாகக் கிடைத்த விதி வேறு: பெரிய எழுத்துக்கு முன்னும் பின்னும் சிறிய எழுத்து இருந்தால் மட்டுமே அடிக்கோடு. ஆகவே கஸ்டமர் ஐடி என்பதில் ஐடியின் இரண்டு எழுத்துகளும் பெரியவையாக இருந்தால் ரெயில்ஸ் நடுவே அடிக்கோடு இடும், ஸ்பிரிங் பூட் இரண்டு சொற்களையும் ஒட்டிவிடும். ஒரே அட்டவணையை இரண்டு மென்பொருள்கள் பகிரும் இடத்தில் இந்த ஓர் அடிக்கோட்டுக்காக மணிக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு சுருக்கங்கள் அடுத்தடுத்து வந்தால் எந்த விதியும் உதவாது. ஜிஎஸ்டியும் யூஇஎன்னும் ஒட்டி நிற்கும் வகுப்புப் பெயரில் ஆறு பெரிய எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவது எழுத்தோடு ஒரு சொல் முடிகிறது என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும், செயற்கூறுக்குத் தெரியாது. தெரிந்த சுருக்கங்களின் பட்டியலை அதற்குக் கொடுக்கலாம். எங்கள் லைப்ரரியிலும் அப்படி ஒரு பட்டியல் சேர்ந்தது. பிறகு ஒருமுறை வேறொரு குழுவினர் நல்லெண்ணத்தோடு யூஇஎன் என்பதையும் அதில் சேர்த்தார்கள். அதுவரை ஒட்டியே பெயர் பெற்றிருந்த அட்டவணை, பிரிந்த பெயரில் தேடப்பட்டது. அன்றிரவு ஓடிய சோதனைகள் வரிசையாகத் தோல்வியடைந்தன. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, பட்டியலில் ஒரு சொல் மட்டுமே கூடியிருந்தது.

போன வழியே திரும்பி வர முடியும் என்று நம்புவதும் ஆபத்து. முழுதும் பெரிய எழுத்தில் இருக்கும் எஸ்எஸ்எல் என்ற சுருக்கத்தை ஸ்நேக் கேஸுக்கு மாற்றி மறுபடி கேமல் கேஸுக்குக் கொண்டுவந்தால் முதல் எழுத்து மட்டுமே பெரியதாக இருக்கும். ரெயில்ஸ் ஆவணமே இதை எச்சரிக்கிறது. தகவல் வழியில் தொலைந்துவிடுகிறது, எவ்வளவு திறமையாக எழுதினாலும் அதை மீட்க முடியாது. எனவே எங்கள் லைப்ரரியில் மாற்றம் ஒரே திசையில்தான் நடக்கும்.

பெரிய எழுத்தைச் சிறியதாக்கும் செயலுக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாவில் அந்தச் செயற்கூறை வெறுமனே அழைத்தால் அது கணினியின் மொழி அமைப்பைப் பார்க்கும். துருக்கிய அமைப்பில் ஆங்கிலப் பெரிய ஐ, புள்ளியில்லாத வேறோர் எழுத்தாக மாறும். ஐடி என்று முடியும் எல்லா நெடுவரிசைகளும் அந்தக் கணினியில் காணாமல் போகும். சிங்கப்பூரில் இருக்கும் வழங்கிகளில் இது தலைகாட்டாது என்பதாலேயே கண்டுபிடிக்கக் கடினம். மொழி சாராத அமைப்பைக் குறிப்பிட்டு அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரவுத்தளங்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மேற்கோள் குறியிடாத பெயரைப் போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். மைஎஸ்கியூஎல்லின் அட்டவணைப் பெயர்கள் வழக்கமான அமைப்பில் லினக்ஸில் எழுத்து வேறுபாடு பார்க்கும், விண்டோஸில் பார்க்காது.

நான் அதிகம் அக்கறை கொண்ட பகுதி தமிழில் தொடங்கியது. விரிதாளைக் கொடுத்தால் தலைப்புகளிலிருந்தே அட்டவணையை உருவாக்கும் சிறு கருவி ஒன்று எங்களிடம் உண்டு, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது. தமிழ்த் தலைப்புகள் கொண்ட ஒரு விரிதாள் அதற்கு வந்தது. திருச்சியிலிருந்து வந்து எங்கள் குழுவில் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, விலையும் வேலையும் ஒரே நெடுவரிசையாகிவிட்டன, பாருங்கள்" என்றார். உண்மைதான். எழுத்தோ எண்ணோ அல்லாத எதையும் அடிக்கோடாக்கு என்பது விதி. பைத்தானில் எழுத்தைத் தேட வழக்கமாகப் பயன்படும் குறி தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. விலை, வேலை இரண்டிலிருந்தும் குறிகள் கழன்று, வகரமும் லகரமும் அடிக்கோடுகளும்தான் எஞ்சின.

"தலைப்புகளை ஆங்கிலத்தில் தரச் சொல்லிவிடலாமா, அண்ணா?" என்றும் கேட்டார். கூடாது என்றேன். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஒரு சங்கத்தின் பொருளாளர் தம் கணக்கைத் தமிழில் எழுதினால், அதைப் படிக்க வேண்டியது கருவியின் கடமை. விதி எழுத்துகளோடு சேரும் குறிகளையும் ஏற்க வேண்டும். ஒகர உயிர்க்குறியை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே பெயரை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நீளம் அடுத்த தடை. போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட் வரைதான் இடம். ஆரக்கிளில் 12.2 பதிப்புக்கு முன் 30, பிறகு 128. ஆங்கிலத்தில் 63 தாராளமாகத் தோன்றும். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுப்பதால் 21 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடுகிறது, உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகவே எண்ணப்படும். 'வாடிக்கையாளர் தொலைபேசி எண்' என்ற தலைப்புக்கு அடிக்கோடுகளோடு 74 பைட் தேவை. போஸ்ட்கிரெஸ் பிழை என்று நிறுத்தாது, ஓர் அறிவிப்போடு வெட்டிவிடும். வெட்டு 'தொலைபேச' என்ற இடத்தில், கடைசி இகரக் குறிக்கு முன்னால் விழுகிறது. 'வாடிக்கையாளர் தொலைபேசி வகை' என்று இன்னொரு தலைப்பு இருந்தால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு முதலாவதோடு மோதும். இப்போது எங்கள் செயற்கூறு தானே முன்கூட்டிச் சுருக்கி, முழுப் பெயரிலிருந்து கணக்கிட்ட சில எழுத்துகளைக் கடைசியில் ஒட்டுகிறது. பெயர் அழகாக இல்லை, ஆனால் மோதுவதில்லை.

இத்தனை திருத்தங்களையும் பழைய அட்டவணைகள் உடையாமல் எப்படிச் செய்வது என்பதில்தான் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பழைய பெயர்களை எல்லாம் ஒரே வார இறுதியில் மாற்றிவிடலாம் என்றார்கள் சிலர். வாடிக்கையாளரின் அறிக்கைகளில் எந்தப் பெயர் எங்கே பதிந்திருக்கிறது என்று எங்களால் முழுமையாக அறிய முடியாது என்பதால் நான் கடுமையாக எதிர்த்தேன். கடைசியில் பழைய விதியைத் தொடாமல் அப்படியே வைத்து, புதிய விதிக்கு வேறு பதிப்பெண் கொடுத்தோம். ஒவ்வொரு அட்டவணையும் உருவாகும்போது, மூலப் பெயரும், அதிலிருந்து வந்த பெயரும், எந்தப் பதிப்பால் வந்தது என்பதும் தனி அட்டவணை ஒன்றில் பதிவாகின்றன. அதற்குப் பின் யாரும் அந்தப் பெயரை மறுபடி கணக்கிடுவதில்லை, பதிவிலிருந்து படிக்கிறார்கள். சுருக்கங்களின் பட்டியலும் பதிப்போடு கட்டுண்டது. யூஇஎன் இப்போது இரண்டாம் பதிப்பில் இருக்கிறது, முதல் பதிப்பின் பட்டியலை மாற்ற முயன்றால் சோதனை தடுத்துவிடும். திருச்சிப் பொறியாளர் அந்தச் சோதனைக் கோப்பில் தமிழ்த் தலைப்புகளுக்கென்று தனிப் பகுதி ஒன்றை எழுதியிருக்கிறார், விலையும் வேலையும் அதன் முதல் இரண்டு வரிகள். சீன, மலாய்த் தலைப்புகளுக்கான பகுதியை அந்த மொழிகளைப் பேசும் தோழர்கள் இந்த மாதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.