ஒட்டுசுட்டானில் கேட்ட சாத்திரம்

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்தால், எங்கள் வான் வண்டிக்குப் பக்கத்து மரநிழலில் ஒரு ஆச்சி. வாய் நிறைய வெற்றிலை. கைபார்ப்பாவாம். கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த அத்தான் பகிடிக்குக் கையை நீட்டினார்.

ஆச்சி கையைப் பார்க்கவேயில்லை. வானைத்தான் பார்த்தார்.

"வெளிக்கிடேக்க உங்களோட இருந்த மனுசி ஒராள் இப்ப உங்களோட இல்லை. உங்களை நினைச்சுக்கொண்டுதான் நிக்கிறா."

பெரியம்மா "ஐயோ, என்ர அம்மா!" என்று அழத் தொடங்கிவிட்டார். அம்மம்மா மோசம் போய் இன்னும் ஆண்டுத் திவசம் முடியவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கடைசிவரை கேட்டபடி இருந்தவர். நாங்கள் இப்போது போய்க்கொண்டிருந்ததும் அங்கேதான். எனக்கே மயிர் கூச்செறிந்தது.

"சும்மா பேய்க்காட்டுறா," என்றார் அத்தான்.

"கடல் தண்ணியில விளக்கெரியிற கோயிலுக்குப் போறம் தம்பி. அங்க போய் இப்பிடிக் கதைக்காதேங்கோ," என்றார் பெரியம்மா.

ஆச்சி வெற்றிலையைத் துப்பினார். "அந்தா, கூப்பிடுறா. கேக்கேல்லையோ?"

கேட்டது. வானின் பின் சீற்றுக்குக் கீழேயிருந்து ஒரு பிள்ளையார் பாட்டு. பெரியம்மா அழுகையை நிறுத்தி, "அது சின்னம்மான்ர ஃபோனெல்லோ?" என்றார்.

சின்னம்மா மாமாவின் காரில் அல்லவா போகிறார்?

வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரையும்போல நாங்களும் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்கினோம். பிள்ளைகள் ஏசி இருக்கும் காரில்தான் வருவோம் என்று அடம்பிடித்ததில் ஆட்கள் இடம் மாறி ஏற, கார் முன்னால் பறந்துவிட்டது. வானில் இருந்தவர்களுக்குச் சின்னம்மா காரில். காரில் இருந்தவர்களுக்குச் சின்னம்மா வானில். சின்னம்மாவோ கச்சான் கடையில் பேரம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரியின் ஃபோனை இரந்து வாங்கினால், அவருக்குப் பாடமாக இருந்த ஒரே நம்பர் தன்னுடையது!

நாங்கள் கோயிலுக்குள் நின்ற நேரமெல்லாம் அந்த ஃபோன் அடித்தபடி இருந்திருக்கும், திறந்திருந்த கதவுக்குள் ஆளில்லாத ஒரு சோடி செருப்பும் தெரிந்திருக்கும், இதில் என்ன சாத்திரம் என்று வழிநெடுக விளக்கினார் அத்தான். ஆனால் கிளம்பும்போது ஆச்சியின் கையில் 500 ரூபாவைத் திணித்தவரும் அவர்தான். கையைக் காட்டாமலே.

மாங்குளம் வழியாகத் திரும்பி முறிகண்டிக்குப் போனால், சின்னம்மா கொதிக்கிற தாரில் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறார். இரண்டு கையிலும் கச்சான் பை. ஏறியதும் பெரியம்மா ஆச்சியின் அருளை ஒன்றும் விடாமல் சொன்னார். சின்னம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டு முடித்தார்.

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"500."

"ஆளை எண்ணிப் பாக்கிறதுக்கு 500 ரூபாவோ?"