பீரோ மாடி ஏறிய கதை

"கண்ணாடிப் பக்கம் சுவத்துல இடிக்காம பாத்துக்க தம்பி. மெதுவா."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் எங்கள் பீரோ சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. லிஃப்ட்டுக்குள் நுழையாத அந்தக் காலத்து இரும்பு.

ஏற்ற வந்தவர்களில் மூத்தவர்தான் கீழ்ப் பக்கம் பிடித்திருந்தார். தோளில் மடித்த சாக்கு. படியில் ஏற்றும்போது பாரத்தின் பெரும்பங்கு கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். "பசங்களை அங்க நிறுத்தக் கூடாதா அண்ணே?" என்றேன்.

"அவசரப்படுவானுங்க சார்."

அப்புறம் பீரோவை நிமிர்த்தி, ஒரு மூலையை மட்டும் படியில் ஊன்றி, அதையே அச்சாக வைத்துத் திருப்பினார். கைப்பிடிக் கம்பியை உரசாமல் கடந்துவிட்டது. பெயின்ட்கூடப் போகவில்லை!

ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் உச்சியில் ஒரு உத்தரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டு அவ்வளவு குறுகல் என்பதால் சாமான்களைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். கட்டும்போதே பீரோவையும் யோசித்த ஊர்.

நம் ஃப்ளாட் வரைபடத்தில் மாடுலர் கிச்சன் உண்டு, பூஜை அறை உண்டு. கட்டில் எந்த வழியாக உள்ளே வரும் என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. குட்டி யானையில் வந்து இறங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

மாடிக்குத் தனிக் கூலி கேட்டார்கள். மாமா பேரம் பேச வாயெடுத்தார். காபி வாங்கிவரச் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.