கம்பியில் குத்திய கடிதங்கள்

பழைய சிரிப்பு நடிகர் ஒருவரின் கடிதங்களை ஒழுங்கு செய்து தரச் சொல்லி மதுரையில் ஒரு குடும்பம் கூப்பிட்டால், முதலில் கேட்க வேண்டியது கம்பி எங்கே என்று. அடியில் வட்டமாக ஒரு பலகைத் துண்டு, அதிலிருந்து எழும் இரும்புக் கம்பி, உச்சியில் ஆணியில் மாட்ட ஒரு கொக்கி. வந்த கடிதத்தைப் படித்ததும் கம்பியில் குத்திவிடுவார்கள். பழையது அடியில், புதியது மேலே. தேதி போடாமல் எழுதுகிறவரின் கடிதங்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மதுரைக்கு இந்த வகைக் கடிதம் நிறைய வந்ததற்குக் காரணம் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். டி.கே.எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபாவும் 1925இல் மதுரைப் பெயரோடுதான் கிளம்பியது. சிறுவர்களே நடிக்கும் பாலர் கம்பெனிகளிலும், நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களிலும் பபூன் என்ற கோமாளி வேஷம் கட்டிப் பழகியவர்கள் பிறகு கோடம்பாக்கம் போனார்கள். வேலை அங்கே, குடும்பம் இங்கே என்றால் நடுவில் தபால்காரர்தான். ஷூட்டிங் தேதி, கம்பெனி தர வேண்டிய பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வயதான பிறகு மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான் வந்தன.

கம்பியிலிருந்து கடிதங்களை எடுப்பதில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. கொக்கி வழியாக மேலே இழுத்தால் துருப்பிடித்த வளைவில் ஒவ்வொரு தாளும் மறுபடி கிழியும். எடுப்பதற்கு முன் அடுக்கை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுக்குக்கு ஒரு விரல்கடை மேலே கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டுவது நல்லது. வெட்டிய முனை கூராக இருக்கும். அதன்மேல் இளநீர்க் கடை ஸ்ட்ராவில் ஒரு துண்டைச் செருகினால் தாள் வழுக்கிக்கொண்டு வரும். துரு ஒட்டியிருக்கும் தாளை இழுக்கக் கூடாது, இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்த கையோடு பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் எண் போட வேண்டும். பேனா வேண்டாம். பத்துக் கடிதம் எடுத்துவிட்டு அப்புறம் எண் போடலாம் என்று நினைத்தால் வரிசை போயிற்று.

ஓட்டைகளையும் எண்ண வேண்டும். பெரும்பாலான கடிதங்களில் ஒரு ஓட்டைதான் இருக்கும். சிலவற்றில் இரண்டு, அபூர்வமாக மூன்று. இரண்டு ஓட்டை இருந்தால், ஒருமுறை கழற்றி எடுத்து மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அதை வீட்டில் யாரோ திரும்பப் படித்திருக்கிறார்கள், அல்லது யாரிடமோ காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடிதம் தன் காலத்துக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும் என்பதால், தபால் முத்திரையைப் பார்க்காமல் கம்பி வரிசையை மட்டும் நம்பக் கூடாது. முத்திரை மங்கியிருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வட்டமும் எண்ணும் பல நேரம் எழும்பி வரும். முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. உள்ளே 'ஆடி 18' என்று மட்டும் இருந்தால் பஞ்சாங்கத்தை எடுக்க வேண்டியதுதான்.

இன்லண்டை, அதாவது உறையில்லாமல் தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓரத்தில் பசை, மூன்று மடிப்பு. அவசரக்காரர் விரலை விட்டுக் கிழித்ததில் ஓர வரிகளின் பாதி எழுத்து மடிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் குப்பைத் துண்டுகளை ஊதித் தள்ளிவிடக் கூடாது. ஒரு சிறு உறையில் கடிதத்தின் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். எழுதுகிறவர் உள்பக்கத்தை நிரப்பிவிட்டு, இடம் போதாமல் மடக்கி ஒட்டும் சின்னப் பட்டையில் கடைசியாகப் பொடி எழுத்தில் இரண்டு வரி எழுதுவார். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போன பிறகுதான் கதை தொடங்கும். இந்தக் கடிதங்களும் அப்படித்தான். மேலே கேலியும் கிண்டலும் இருக்கும். டாக்டர் சொன்னதும் பணம் கேட்பதும் பட்டையில் இருக்கும். ஸ்கேன் செய்கிறவர்கள் உள்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பட்டையை விட்டுவிட்டால், மனிதர் சுகமாக இருந்தார் என்றே வரலாறு எழுதிவிடுவார்கள்.

நோயைக் கையெழுத்தில் பார்க்கலாம், ஆனால் நிதானம் வேண்டும். பார்க்கின்சன் நோயில் வரியின் தொடக்கத்தில் அளவாக இருக்கும் எழுத்து முடிவுக்குப் போகப்போகச் சிறுத்து நெருங்கும். கண்புரை வளர்ந்தால் எழுத்து பெரிதாகி, ஒரு வரி இன்னொன்றின் மேல் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதும் உண்டு. பக்கவாதம் என்றால் ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சட்டென்று முறிவு தெரியும். ஆனால் வைகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்து எழுதினாலும் எழுத்து நடுங்கும். ஆகவே ஒரே ஒரு கடிதத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது. முன்னும் பின்னும் ஐந்து கடிதங்களைப் பக்கத்தில் பரப்பி, கையெழுத்தும் முகவரியும் ஒரே மாதிரி மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கை ஓய்ந்த பிறகு மகனோ பேத்தியோ எழுத, அவர் சொல்லிக்கொண்டே வருவார். இதைக் கண்டுபிடிக்க நம் எழுத்தே உதவுகிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் துதிக்கை போலச் சுழித்துத்தான் எழுதுவார்கள். ணா, றா, னாவுக்கும் பழைய வடிவம்தான். ஆணை வந்து பல வருடம் ஆனாலும் அந்தப் பழக்கம் போகாது. துதிக்கை போய்ப் புது 'லை' வந்துவிட்டது என்றால் பேனா கை மாறியிருக்கிறது. அடியில் கையொப்பம் மட்டும் பழைய கையில் இருந்தால், சொல்லி எழுத வைத்தது என்று தைரியமாகக் குறிக்கலாம். சொல்லி எழுதும் கடிதத்தில் பட்டை காலியாக இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பேத்தியிடம் அதைச் சொல்ல மனசு வருமா?

தாளைப் பேணுவதில் செய்யக் கூடாததுதான் அதிகம். லேமினேஷன் கூடவே கூடாது, சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செலோடேப் சில வருடத்தில் பழுப்பேறி, பசை எழுத்துக்குள் இறங்கிவிடும். பைண்டிங் கடையில் மைதாப் பசையோடு மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலப்பார்கள். பூச்சி வராது, ஆனால் செம்பு தாளை அரிக்கும். நீல பவுண்டன் பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும் என்பதால் ஈரத்துணி கிட்டவே வரக் கூடாது. உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ராமபாணப் பூச்சி இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். தாள்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து வெளிச்சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் தாள் வியர்த்து மை போய்விடும். பிறகு அமிலமில்லாத உறை. கத்திரி வெயிலில் பரண் அடுப்பாக இருக்கும். ஐப்பசி மழையில் தரை ஈரம் ஏறும். பீரோவின் நடுத்தட்டுதான் சரி.

மணியார்டர் கூப்பன், மருந்துக் கடைச் சீட்டு, இயல் இசை நாடக மன்றத்துக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல் எல்லாம் கம்பியில் இடையிடையே குத்தியிருக்கும். இவை கடிதம் இல்லையே என்று தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். கூடாது. "உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்ற வரிக்கு அடுத்ததாக ஒரு மருந்துச் சீட்டு குத்தியிருந்தால், அது அங்கேயே இருக்க வேண்டும்.

வெளியிடுவதென்றால், தாள் பெற்றவருடையது, எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். இரண்டு பக்கமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நோய் பற்றிய வரிகளைக் குடும்பம் மறைக்கச் சொன்னால் மறைக்கலாம், ஆனால் பிரதியில்தான். மூலத்தில் ஒரு கோடுகூட விழக் கூடாது. அச்சுக்கு எடுக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்துவதும் கூடாது. முதல் பத்து வருடம் பிழையில்லாமல் எழுதியவர் திடீரென்று எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் அதற்குக் காரணம் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் பலகையையும் வெட்டிய கம்பியையும் தூக்கிப் போட்டுவிடாமல், கோராத் துணியில் சுற்றி அதே பெட்டியில் வைக்க வேண்டும், துரு தாளில் படாமல் ஒரு அட்டைத் தடுப்பு போட்டு. பலகையில் பெரும்பாலும் முதல் கடிதத்தின் ஓரத் துணுக்கு ஒன்று துருவோடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம், எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்.