அட்டாரியின் கம்பியில்லா ஜாய்ஸ்டிக்

1983-ல் அட்டாரி 2600 வீடியோ கேம் கருவிக்காக வந்த கம்பியில்லா ஜாய்ஸ்டிக் ஒன்று இப்போது என் மேசையில். அடிப்பாகம் டிபன் பாக்ஸ் மாதிரி தடிமன், உள்ளே 9 வோல்ட் பேட்டரி, குட்டியாக ஒரு ஆன்டெனா. ரேடியோ அலையில் ஓடுவது. பிடித்து விளையாடினால் கை கடுக்கும், அது வேறு கதை.

கொண்டுவந்த நண்பர், "பேட்டரி புதுசுதான் சார், ஆனா பக்கத்துல போனாத்தான் எடுக்குது" என்றார். இந்த வயசுப் பொருளில் என் முதல் சந்தேகம் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல்தான்; மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் குட்டி உருளை அது. உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் காய்ந்துபோகும். கொள்ளளவு குறையும், உள்மின்தடை ஏறும். சாதா மீட்டரில் மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். அந்த உள்மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் வைத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. அதே மைக்ரோஃபாரட்; வோல்ட் அதே அளவு, இல்லை கொஞ்சம் கூட. பட்டை போட்ட பக்கம் மைனஸ், திருப்பிப் போட்டால் சூடாகி வீங்கும். நிதானம் வேண்டியது கழற்றும்போதுதான். பழைய போர்டில் சால்டரிங் அயர்னை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தால் செம்புத் தடம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். புது ஈயம் கொஞ்சம் ஊட்டி, உருகியதும் சட்டென்று இழுக்கணும்.

ஆர்வக்கோளாறில் செராமிக் கெப்பாசிட்டர்களையும் பிடுங்காதீங்க. அவை காய்வதில்லை; மாற்றினால் அலைவரிசைதான் விலகிப்போகும். அலைவரிசையைச் சரிசெய்யும் டிரிம்மரில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகிப் பார்ப்பவர்களை என்ன சொல்ல!

ஜாய்ஸ்டிக்கின் சிக்னலை வாங்கி கேம் கருவிக்குக் கொடுக்கும் ரிசீவர் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருந்தால் பார்க்கலாம்.