எதில் இத்தனை சதவீதம்? தொடக்க உரையிலேயே சொல்லிவிடுங்கள்

பேட்டரி, பெயின்ட், பழைய கணினி என எதுவானாலும், செய்து விற்றவருக்கு அது குப்பைக்குப் போகும்போதும் பொறுப்பு உண்டு. இதைப் பேசத்தான் ப்ராடக்ட் ஸ்டூவர்ட்ஷிப் மாநாடுகள் கூடுகின்றன. உற்பத்தியாளர், கடைக்காரர், மறுசுழற்சி ஆலைக்காரர், அரசு அதிகாரி என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்காருவது தொடக்க உரைக்கும் நிறைவு அமர்வுக்கும்தான். இடையில் ஆளுக்கொரு அரங்கமாகப் பிரிந்துவிடுவார்கள். அதனால் இந்த இரண்டும் வீணாகப் போனால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தொடக்க உரையில் வரலாற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். 1990-ல் சுவீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்த உற்பத்தியாளர் பொறுப்புக் கருத்து, பொருளைச் சுற்றிவரும் பெட்டி, உறைகளுக்கு விற்றவரையே பொறுப்பாக்கி 1991-ல் ஜெர்மனியில் வந்த பேக்கேஜிங் ஆணை, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் ஒரு கேள்விக்கு: "இத்தனை சதவீதம் திரும்ப வந்தது" என்கிறோமே, எதில் இத்தனை சதவீதம்?

கணக்குக்காக ஒரு பேட்டரி நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் 100, 120, 140 டன் விற்றது. மூன்றாம் ஆண்டில் 54 டன் திரும்பி வந்தது. அந்த ஆண்டு விற்பனையால் வகுத்தால் 38.6%. ஐரோப்பிய ஒன்றியம் கையடக்க பேட்டரிக்குச் செய்வதுபோல, அந்த ஆண்டையும் முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 120 டன். அப்போது 45%. 2016-க்கு அங்கே வைத்த இலக்கும் 45% தான். பெட்டியில் விழுந்த பேட்டரி ஒன்றுகூட மாறவில்லை. வகுக்கும் எண் மாறியதும் தோற்றவர் ஜெயித்துவிட்டார்.

இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகள் இன்னொரு வழி. பொருளின் சராசரி ஆயுள் எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டு முன்பு விற்ற அளவில்தான் இலக்கு. 2023-24-க்கு அது 60%. அதுவும் சேகரிப்புக்கு அல்ல, மறுசுழற்சிக்கு. விற்பனை வேகமாக ஏறும் பொருளுக்குப் பழைய ஆண்டின் அளவு சிறிதாக இருக்கும். இந்த 60 சதவீதத்தையும் ஐரோப்பாவின் 45 சதவீதத்தையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

பெயின்டில் விற்பனையால் வகுப்பதே தவறு. பெயின்ட் தீர்ந்துபோவதற்காக விற்கப்படும் பொருள். அமெரிக்காவில் விற்றதில் ஏறத்தாழ 10% மிஞ்சுகிறது என்பது வழக்கமான மதிப்பீடு. மிஞ்சிய பெயின்டைச் சேகரிக்க 2010-ல் அங்கே ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய பெயின்ட்கேர் திட்டம் டின்னின் அளவுக்கேற்ப விற்பனையின்போதே கட்டணம் வாங்குகிறது. எத்தனை கேலன் வந்தது, மக்களில் எத்தனை பேருக்கு 15 மைலுக்குள் சேகரிப்பு மையம் உண்டு என்றும் பார்க்கிறார்கள். இதுதான் சரி. ஆனால் சேகரித்ததெல்லாம் மறுசுழற்சி அல்ல. லேடெக்ஸ் பெயின்ட், அதாவது தண்ணீர் கலந்த பெயின்ட், மீண்டும் பெயின்டாகலாம். உள்ளே கட்டிப்போனது ஆகாது. எண்ணெய் பெயின்ட் பெரும்பாலும் எரிபொருளாகத்தான் போகும். மூடி இல்லாத, லேபிள் கிழிந்த, ஒழுகும் டின்னைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கவுண்டரில் நிற்பவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். எது வருகிறது, எது வருவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

நிறைவு அமர்வைக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு வைக்காதீர்கள். விமானத்தைப் பிடிக்கப் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள். அன்று மதிய உணவுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு அரங்கத்திலும் குறிப்பெடுக்க ஒருவர், அவர் கையில் ஒரு அட்டை, அதில் மூன்றே வரி: எதில் ஒத்துப்போனார்கள், எதில் சண்டை, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார். அட்டைகளை வாசிக்க 20 நிமிடம், சண்டைக்கு 25, பொறுப்பேற்பவர்கள் எழுந்து சொல்ல 15. நன்றியுரையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம். மேடையில் வைத்தால் அந்தப் பதினைந்தும் அதற்கே போய்விடும். இன்னொரு தவறு, நிறைவுரையை முந்தின வாரமே எழுதிக்கொண்டு வருவது. அரங்கங்களில் நடந்த எதுவும் அதில் இருக்காது. சண்டைகளில் அடிக்கடி வருவது, விற்பனையின்போதே வாங்கும் சேகரிப்புக் கட்டணத்தைப் பில்லில் தனியாகக் காட்டுவதா, விலைக்குள் சேர்ப்பதா என்பது. அதை அமுக்கிவிடாமல் "முடிவாகவில்லை" என்றே எழுதுங்கள்.

அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாநாட்டின் தொடக்க உரையாளர் கைக்கு முதலில் அவைதான் போக வேண்டும். எந்தத் தேதி தாண்டியது, யார் செய்து முடித்தார் என்று வாசித்துவிட்டு அவர் பேச ஆரம்பிக்கட்டும்.