டோஸ் கார்டு

மார்ச் 4
ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க அப்பாவின் எலும்பு மஜ்ஜையை எடுத்தாகிவிட்டது. ரிசல்ட்டுக்கு ஒரு வாரம்.

மார்ச் 5
அணு உலையில் வேலை பார்த்தபோது அப்பா மேல் பட்ட கதிர்வீச்சைப் பதிந்து வைத்த டோஸ் கார்டு பீரோவில்தான் இருந்தது. 26 வருஷம், மொத்தம் 187 மில்லிசீவர்ட். "பார், ஒரு வருஷம்கூட லிமிட்டைத் தாண்டலை" என்றார் அப்பா. லிமிட் ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20, ஒரே வருஷத்தில் 30. அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் வராது என்று யாரும் எழுதித் தரவில்லையே அப்பா. சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 6
தூக்கமில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு, 2015இல் வந்தது. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஒரு கிரேக்கு, அதாவது சுமார் ஆயிரம் மில்லிசீவர்ட்டுக்கு, ஏறக்குறைய 300 சதவீதம் கூடுகிறதாம். 187ஐ வைத்துப் பெருக்கினேன். 55 சதவீதம். இது அபூர்வமான நோய், அபூர்வத்தில் பாதி கூடினாலும் அபூர்வம்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். விடிந்துவிட்டது.

மார்ச் 7
ஈறில் ரத்தம் இல்லை. இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்ச் 8
187 தப்பு.

இன்று அவராகவே சொன்னார். பராமரிப்புக்கு உலையை நிறுத்தும்போது, கார்டில் லிமிட் நிறைந்துவிட்டால் வெளியே உட்கார வைத்துவிடுவார்களாம். அதனால் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போவார்களாம். எத்தனை தடவை என்று கேட்டேன். "எல்லாரும்தான் போனோம்." அதில்லை, எத்தனை தடவை? டிவியைப் போட்டுவிட்டார். கண்ணாடியில் ஆவி படிகிறதென்று மாஸ்க்கைத் தூக்கிவிட்டதும் உண்டாம். மூச்சோடு உள்ளே போன கதிரியக்கத் தூசியைப் பேட்ஜ் போட்டிருந்தாலும் அது காட்டாது. சிறுநீரில் பார்க்க வேண்டும், உடலுக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் முழு உடல் கவுண்டரில் உட்கார வைக்க வேண்டும். அவருக்குச் செய்தார்களா? கார்டில் அதற்குக் கட்டமே இல்லை.

மார்ச் 9
நூறு வருஷத்துக்கு முன் கடிகார முகப்பில் கதிரியக்க ரேடியம் தீட்டிய பெண்களைப் பற்றிப் படித்தேன். நுனி கூராகப் பிரஷ்ஷை உதட்டில் வைத்து எடுத்தார்களாம். ரேடியத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டது எலும்பு. தாடை அரித்தது. படித்திருக்கக் கூடாது.

மார்ச் 10
ஆஸ்பத்திரி ஃபாரத்தில் தொழில்: 'ஓய்வு பெற்றவர்'. அடித்துவிட்டு முன்பு பார்த்த வேலையை எழுதச் சொன்னேன். "அது முடிஞ்சு பதினோரு வருஷமாச்சேம்மா" என்றார் ஃபாரம் எழுதிய பெண். பத்து, இருபது வருஷம் கழித்தும் வரும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11
டோக்கன் 14. இப்போது 9 ஓடுகிறது. கார்டைக் கையில் வைத்திருக்கிறேன். பேட்ஜ் விஷயத்தை டாக்டரிடம் சொல்லாதே என்கிறார்.