அம்மாவின் ஈறு சிகிச்சை

பல் விளக்கினால் ரத்தம் வருகிறது, கடைவாய்ப்பல் லேசாக ஆடுகிறது என்று அம்மா சொன்னதும், கோபியிலிருந்து ஈரோட்டுக்கு ஈறு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.

மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கி, “மூணு, நாலு, ஆறு, ரத்தம்” என்று சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். அந்த இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. கடைவாயில் 6 வந்தது. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பும் குறைந்திருந்தது.

“ஏனுங்க டாக்டர், பூச்சிதானுங்களே எலும்பைத் திங்குது? மாத்திரை போதாதுங்களா?” என்றார் அம்மா.

“கிருமி ஆரம்பிச்சு வைக்குதுங்கம்மா. எலும்பைக் கரைக்கறது பெரும்பாலும் நம்ம உடம்பேதானுங்க.”

எனக்கு இது புதிது. பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்க நம் செல்கள் இன்டர்லூகின்-1, டிஎன்எஃப், புரோஸ்டாகிளாண்டின் போன்ற ரசாயனங்களைச் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. சில நாளில் அடங்கினால் நல்லது. மாதக்கணக்கில் நீடித்தால், அதே ரசாயனங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்களை வேறு சில நொதிகள் அறுக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இந்தச் சுரப்பு இன்னும் கூடும். ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையும் அடங்க மறுக்கும்.

வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. வலி அடங்கும், ஆனால் படலம் அப்படியே இருக்கும். மற்ற ரசாயனங்கள் சுரந்துகொண்டேதான் இருக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிற எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சிகிச்சை பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒருமுறைக்கு ஒரு பக்கமாக ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அப்புறம் கொஞ்ச நாள் மோர்கூடக் கூசியது. பல் இடுக்குக்கென்று குட்டி பிரஷ் கொடுத்தார்கள். இரவில் அதை விடாமல் செய்யச் சொன்னார்கள்.

மறுபரிசோதனையில் 6 இருந்த இடம் 4 ஆகியிருந்தது. ரத்தம் இல்லை. போன எலும்பு போனதுதான், ஆனால் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். அடுத்த தடவை மூன்று மாதச் சர்க்கரைச் சோதனைச் சீட்டையும் கேட்டிருக்கிறார்.